வௌவால் ‘அம்மா வந்தாள்’ என்று சொல்லலாமா?

கேள்வி: கத்ர் போர்ன் வாசகன்

அனைவருக்கும் வணக்கம். நான் மொரீசியஸில், கத்ர் போர்ன் பகுதியில், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். எங்கள் கோவில் ஆண்டு மலருக்காக ஒரு சிறுகதை எழுதத் தொடங்கி, இரண்டாம் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். கதையைச் சொல்வது மனிதன் அல்ல. நம் தீவின் பழந்தின்னி வௌவால்களில் ஒன்று. 2015-இல் தொடங்கிச் சில ஆண்டுகள், லிச்சி, மாம்பழத் தோட்டங்களைக் காப்பதற்காக அரசே இவற்றைப் பல்லாயிரக்கணக்கில் சுட்டுக் கொன்றதும், 2018-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இந்த இனம் ‘அழியும் அபாயத்தில் உள்ளது’ என்ற நிலைக்கு மாற்றப்பட்டதும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்தக் காலத்து இரவு ஒன்றுதான் என் கதைக்களம்.

எழுதியதன் தொடக்கம் இது:

“நான் கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தேன். இருட்டில், தன் குரலின் எதிரொலியைக் கேட்டு வழி கண்டுபிடித்து, அம்மா வந்தாள். ‘மகனே, இன்றைக்கு மனிதர்கள் துப்பாக்கியோடு வருகிறார்கள்’ என்றாள்.”

இதைப் படித்த நண்பர் இரண்டு குறைகள் சொன்னார். வௌவால் அஃறிணை ஆகையால் ‘வந்தாள்’ என்பது திணை வழு என்பது ஒன்று. வௌவாலின் மண்டைக்குள் மனிதனை உட்காரவைத்தால் அது சிறுவர் கதைதான், பெரியவர்கள் படிக்கும் மலருக்கு ஆகாது என்பது மற்றொன்று. முதல் குறையைக் கேட்டபோது சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அதுவே தூங்கவிடவில்லை. என் மாணவர்கள் வீட்டில் பேசும் கிரியோலில் ‘லி’ என்ற ஒரே சொல் அவனுக்கும் அவளுக்கும் நாய்க்கும் பொருந்துவதால், அவர்கள் இந்தக் கதையைக் கிரியோலில் சொன்னால் இந்தக் கேள்வியே எழாது. பிரெஞ்சில் ஆமை எப்போதும் பெண்பால், முயல் எப்போதும் ஆண்பால். அங்கும் யாரும் தயங்குவதில்லை. தமிழில் மட்டும், ஒரு விலங்கை வினைமுற்றோடு சேர்த்த அந்தக் கணத்திலேயே, அதற்கு மனம் உண்டா இல்லையா என்று நான் தீர்ப்புச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. விலங்குக்கு மனித மனம் கொடுத்து எழுதும்போது எந்த அளவோடு நிறுத்த வேண்டும்? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பதில் 1: பழைய சட்டாம்பிள்ளை

தம்பி, உங்கள் நண்பர் இலக்கணத்தைப் பாதிதான் படித்திருக்கிறார் என்று அஞ்சுகிறேன். மகிழ்ச்சியாலும் உயர்வாலும் சிறப்பாலும் சினத்தாலும் இழிவாலும் திணையும் பாலும் மாறி வருவது இயல்பே என்று நன்னூல் வெளிப்படையாகவே இடம் தருகிறது. நாங்கள் படித்த காலத்தில் ஆசிரியர் அதற்குச் சொன்ன எடுத்துக்காட்டு, வீட்டுக்குத் திரும்பும் பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்பது. உங்கள் வௌவாலுக்கு அந்தப் பசுவின் சலுகை உண்டு. அது மட்டுமல்ல, கேட்பன போலவும் பேசுவன போலவும் அஃறிணைப் பொருள்களைச் சொல்வதற்குத் தனி நூற்பாவே இருக்கிறது. தொல்காப்பிய மரபியலில், மனிதருக்கே உரியதாகச் சொல்லப்படும் ஆறாவது அறிவு விலங்குகளில் ஒரு சாராருக்கும் உண்டு என்ற நூற்பாவுக்கு, உரையாசிரியர் இளம்பூரணர் கிளி, குரங்கு, யானை ஆகியவற்றைக் காட்டுகிறார். அந்த வரிசையில் வௌவால் இல்லை என்பது உங்கள் துரதிருஷ்டம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சலுகை எல்லாம் பேசுகிறவன் மனிதன் என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டது. பசுவை அம்மை என்பவன் பசுவின் சொந்தக்காரன். பசு தன் தாயை என்னவென்று சொல்லும் என்று பவணந்தி முனிவர் கவலைப்படவில்லை. உங்கள் கதையில் பேசுவது வௌவால். அதன் இலக்கணத்தில் ‘மக்கள்’ என்ற சொல்லுக்கு உரியவர்கள் யார்? தன் கூட்டமா, துப்பாக்கியோடு வருகிறவர்களா? இலக்கண நண்பரைச் சமாளிப்பது எளிது. இந்தக் கேள்விக்கு நீங்கள்தான் பதில் எழுத வேண்டும்.

பதில் 2: டர்பன் வாசகி

ஐயா சொன்ன இலக்கணத்தை மறுக்க எனக்குத் தகுதி இல்லை. ஆனால் திணைக்கு முன்பே உங்கள் மூன்று வாக்கியங்களில் வேறு கோளாறுகள் இருப்பதாக எனக்குப் படுகிறது.

முதலாவது, எதிரொலி. பெரும்பாலும் பூச்சி தின்னும் சிறு வௌவால்கள்தாம் எதிரொலியால் வழி அறிகின்றன. உங்கள் தீவின் வௌவால் அந்த வகை அன்று. பெரிய கண்களும் கூர்மையான மோப்பமும் கொண்டு இரவில் பழம் தேடுவது. ‘வௌவாலாக இருப்பது எப்படி இருக்கும்’ என்று தாமஸ் நேகல் என்ற மெய்யியலாளர் 1974-இல் எழுதிய கட்டுரை பெயர் பெற்றது. எதிரொலியால் உலகை அறியும் உயிரின் உள்ளனுபவத்தை நாம் எட்டவே முடியாது என்பது அவருடைய வாதத்தின் சாரம். உங்களுக்கு அந்த இக்கட்டில் பாதி இல்லை. உங்கள் வௌவால் பார்க்கிறது, முகர்கிறது. நாமும் பார்க்கிறோம், முகர்கிறோம். கிடைத்த அந்தச் சாதகத்தை நீங்களே எதிரொலி என்று எழுதிக் கெடுத்துக்கொண்டீர்கள்.

இரண்டாவது, ‘தலைகீழாக’ என்ற சொல். யாருக்குத் தலைகீழ்? அதற்கு அதுதான் நிற்பது. சொல்லப்போனால், சிறுநீர் கழிக்கும்போது அது கட்டைவிரல் நகத்தால் கிளையைப் பற்றிக்கொண்டு நம்மைப் போல் தலை மேலாகத் திரும்புகிறது; தன்மேல் படாமல் இருக்க வேண்டுமே! நாம் நிமிர்ந்து நிற்பதைப் பெருமையாகக் கருதுகிறோம். அதற்கோ அது ஒதுங்கும்போது எடுக்கும் நிலை. இந்த ஒரு செய்தியில் எவ்வளவு கதை இருக்கிறது என்று பாருங்கள்.

எங்கள் தென்னாப்பிரிக்க எழுத்தாளர் ஜே. எம். கூட்ஸியின் 1999-ஆம் ஆண்டு நூலொன்றில், கற்பனைப் பாத்திரமான ஒரு முதிய நாவலாசிரியை விலங்குகளைப் பற்றி உரை நிகழ்த்துகிறார். முதல் உலகப் போர்க் காலத்தில் டெனெரீஃப் தீவில் கோலர் என்ற ஆய்வாளர் சுல்தான் என்ற சிம்பன்சியை வைத்துச் செய்த சோதனைகளை அவர் எடுத்துக்கொள்கிறார். வாழைப்பழத்தை உயரத்தில் கட்டிவிட்டுப் பெட்டிகளைக் கீழே வைத்தால், சுல்தான் என்ன நினைக்கும்? ‘பெட்டிகளை அடுக்கிப் பழத்தை எடுப்பது எப்படி’ என்பதுதான் ஆய்வாளர் எதிர்பார்க்கும் நினைப்பு. ‘நேற்றுவரை பழம் கொடுத்தவர் இன்று ஏன் இப்படிச் செய்கிறார்’ என்று சுல்தான் நினைத்தால் அது தவறான விடையாகிவிடும் என்கிறார் அந்த அம்மையார். விலங்குக்கு நாம் மனித மனத்தைக் கொடுக்கும்போது பெரும்பாலும் அதில் மிகக் குறுகிய ஒரு மூலையைத்தான் கொடுக்கிறோம் என்று அந்தப் பகுதியைப் படித்தபோது எனக்குத் தோன்றியது. உங்கள் தாய் வௌவால் துப்பாக்கியை அறிவிக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. செய்தித்தாளும் அந்த வேலையைச் செய்யும்.

எங்கள் சாட்ஸ்வர்த் வீட்டுக்கு வெர்வெட் குரங்குகள் வருவது வழக்கம். ஒரு நாள் வயிற்றில் குட்டியைத் தாங்கிய ஒரு குரங்கு சமையலறைச் சுவரில் வந்து அமர்ந்தது. மேசைமேல் ரொட்டி இருந்தது. அது ரொட்டியைப் பார்க்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. சாளரக் கொக்கியின்மேல் இருந்த என் கையைப் பார்த்தது. தொலைபேசி ஒலித்து நான் கையை எடுத்ததும் உள்ளே வந்துவிட்டது. அந்தக் குரங்கைப் பற்றிக் கதை எழுதினால் ‘பசியால் வாடும் என் பிள்ளைக்காக’ என்று தொடங்க மாட்டேன். ஒரு கையிலிருந்து தொடங்குவேன்.

பதில் 3: முயலும் ஆமையும்

போர்ட் லூயிஸிலிருந்து எழுதுகிறேன். எல்லாரும் ‘சிறுவர் கதை’ என்ற சொல்லை வசவு போல ஏற்றுக்கொண்டது எனக்கு உடன்பாடில்லை.

எங்கள் தீவின் பழைய கதைகளில் ‘கொம்பேர் யேவ்’ என்ற முயலும் ‘கொம்பேர் தோர்த்தி’ என்ற ஆமையும் வருகின்றன. சார்ல் பைசாக் 1888-இல் தொகுத்து அச்சிட்ட கதைகளிலும் அவை உண்டு. ராசாவின் குளத்தில் முயல் திருட்டுத்தனமாகக் குளித்துத் தண்ணீரைக் கலக்கும், காவலர்களை ஏமாற்றும், கடைசியில் ஆமை தன் ஓட்டில் பிசினைத் தடவிக்கொண்டு கல்லைப் போலக் கிடக்க, முயல் அதன்மேல் உட்கார்ந்து ஒட்டிக்கொள்ளும். 1835-இல் அடிமை முறை ஒழியும்வரை கரும்புக் காட்டில் அடிபட்டவர்களின் மரபில் வந்த கதை இது. ‘முதலாளியின் குளத்தில் நான் குளித்தேன்’ என்று ஒருவன் சொன்னால் முதுகு கிழியும். ‘முயல் குளித்தது’ என்றால் முதலாளியும் சிரிப்பான். முயலின் உடல் எப்படிப்பட்டது, அதன் மோப்பம் எப்படிப்பட்டது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அந்த முயல் முழுக்க முழுக்க மனிதன். அப்படி இருந்ததால்தான் அந்தக் கதைக்கு உயிர்.

பள்ளியில் பிரெஞ்சு வகுப்பில் லா ஃபொந்தேனின் காகத்திடம் நரி பாலாடைக்கட்டியை ஏமாற்றி வாங்கும். தமிழ் வகுப்பில் அதே நரி பாட்டியின் வடையை வாங்கும். எங்கள் வீட்டில் அம்மா அதைக் ‘காத்தோ பிமான்’ என்று மாற்றிச் சொல்வார். அதுவும் பருப்பை அரைத்துச் சுட்டதுதானே! லா ஃபொந்தேன் 1678-இல் வெளியிட்ட இரண்டாம் தொகுதியின் முன்னுரையில், அதிலுள்ள பெரும்பாலான கதைகளுக்குப் பில்பாய் என்ற இந்திய ஞானிக்குக் கடன்பட்டிருப்பதாக எழுதியிருக்கிறார். பில்பாய் கதைகள் என்று அங்கே பெயர் பெற்ற நம் பஞ்சதந்திரம் பாரசீகத்துக்குப் போய், அரபியில் ஏறி, பிரான்சைச் சுற்றி, கப்பலில் இந்தத் தீவுக்கு வந்து, தமிழ்ப் பிள்ளைக்குப் பிரெஞ்சுப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. இத்தனை தூரம் வந்தது மனித மனம் வைத்த நரியும் சிங்கமும்தான். அசல் நரியாக இருந்திருந்தால் முதல் துறைமுகத்தைக்கூடத் தாண்டியிருக்காது.

ஆகவே, வௌவால் பேசட்டும். ‘மகனே’ என்றும் கூப்பிடட்டும். டர்பன் அம்மையார் சொல்வது போல அதன் சிறுநீரையெல்லாம் எழுதத்தான் வேண்டுமா என்பது தங்கள் விருப்பம். கோவில் மலர் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

பதில் 4: லிச்சிக்காரர்

எனக்கு இலக்கியம் தெரியாது. வீட்டுக்குப் பின்னால் ஆறு லிச்சி மரங்கள் இருக்கின்றன. நவம்பர் மாதக் காலையில் மரத்தடிக்கு வந்து பாருங்கள். தோல், பாதி கடித்த பழம், அதோடு சாற்றை உறிஞ்சிவிட்டு உமிழ்ந்த சக்கை, நனைத்துப் பிழிந்த பஞ்சைப் போலத் தட்டையாகக் கிடக்கும். இரவு முழுவதும் சிறகடிப்பும் சண்டையும் கேட்டுக்கொண்டே படுத்திருப்போம். கீழே விழுவதெல்லாம் அதன் வேலை இல்லை என்பதும் எனக்குத் தெரியும். காற்றும் மைனாவும் குரங்கும் உதிர்ப்பதும் அதன் கணக்கிலேயே எழுதப்படுகிறது. ஆனாலும் உங்கள் கதையில் மரம் வைத்திருப்பவனைக் கொடியவனாக ஆக்கிவிடாதீர்கள்.

ஒரு முறை வலையில் ஒன்று மாட்டிக்கொண்டது. கனமான கையுறை போட்டுக்கொண்டு, கத்தரிக்கோலால் நூலை ஒவ்வொன்றாக வெட்டினேன். சிறகை விரித்துப் பிடித்தபோதுதான் அது சிறகு அல்ல, கை என்று தெரிந்தது. நீண்ட விரல்கள், ஒவ்வொன்றிலும் கணு, விரல்களுக்கு நடுவில் மழைக்கோட்டுத் துணி போன்ற தோல். கட்டைவிரல் மட்டும் குட்டையாக, வளைந்த நகத்தோடு வெளியே இருந்தது. அந்த நகத்தால் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. விடுவித்த பிறகும் சிறிது நேரம் விடவில்லை. அதன்பிறகு அதை ‘அது’ என்று சொல்லவும் வாய் வரவில்லை, ‘அவள்’ என்று சொல்லவும் வரவில்லை. நீங்கள் எல்லாரும் பேசுகிற திணைப் பிரச்சினை இதுதானோ என்னவோ.

பதில் 5: பழைய சட்டாம்பிள்ளை

லிச்சிக்காரர் தமக்கு இலக்கியம் தெரியாது என்று சொன்னதை நான் நம்பவில்லை. அவர் கடைசியில் சொன்னதைப் படித்துவிட்டு, இரவு குறுந்தொகையை எடுத்துப் பார்த்தேன். ‘அது’வும் இல்லை, ‘அவளு’ம் இல்லை என்ற இடத்தில் ஒரு பழம்புலவர் நின்றிருக்கிறார்.

69-ஆம் பாட்டு, கடுந்தோட் கரவீரன் பாடியது. ஆண்குரங்கான கடுவன் இறந்துபோக, கைம்மையோடு வாழ மாட்டாத பெண்குரங்கான மந்தி, இன்னும் தொழில் கல்லாத தன் குட்டியைச் சுற்றத்திடம் சேர்த்துவிட்டு, மலையிலிருந்து பாய்ந்து உயிரை விடுகிறது. தோழி தலைவனிடம், ‘அப்படிப்பட்ட மலைநாட்டவனே, நள்ளிரவில் வராதே’ என்கிறாள். மந்திக்குக் ‘கைம்மை’ என்ற சொல்லைக் கொடுத்தது சிறிய காரியமன்று. மனிதர் வகுத்த ஒரு நிலையை அப்படியே குரங்கின் தலையில் ஏற்றியிருக்கிறார். போர்ட் லூயிஸ் நண்பர் மகிழ்ச்சி அடையலாம். அதே சமயம், குட்டியை ஒப்படைக்கும் செயலை எழுதியவர், குரங்குக் கூட்டத்தைக் கண்ணால் பார்த்தவர். டர்பன் அம்மையாரும் மகிழலாம்.

நான் சொல்லவந்தது வேறு. அந்த மந்தி ‘பாய்ந்தாள்’ என்றும் இல்லை, ‘பாய்ந்தது’ என்றும் இல்லை. ‘பாய்ந்து உயிர் செகுக்கும் சாரல் நாட’ என்று பெயரெச்சத்தில் முடித்துவிட்டார். பெயரெச்சத்துக்குத் திணையும் இல்லை, பாலும் இல்லை. யாப்புக்காகவோ வழக்கத்தாலோ அப்படி அமைந்திருக்கலாம். ஆயினும் தமிழில் அப்படி ஒரு வழி திறந்து கிடக்கிறது என்பது உண்மை.

உங்களுக்கு அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு, தம்பி. ‘செய்யும்’ என்னும் வாய்பாட்டு வினைமுற்று. அவன் வரும், அவள் வரும், அது வரும், அவை வரும்; நான்குக்கும் ஒரே முடிபு. கிரியோலின் ‘லி’யைப் பார்த்துப் பொறாமைப்பட்டீர்களே, நம்மிடமும் ஒன்று இருக்கிறது. இன்றைய உரைநடையில் ‘அவன் வரும்’ என்பது காதுக்கு விசித்திரமாக ஒலிக்கும். ஒலிக்கட்டுமே, பேசுவது வௌவால் அல்லவா? தவிர, ‘நேற்று வந்தாள்’, ‘நாளை வருவாள்’ என்று காலத்தைக் கூறுபோடாமல், எப்போதும் நடப்பதாகச் சொல்லும் அந்த வினை, விலங்கின் நாளுக்குப் பொருத்தமாகவும் இருக்கிறது.

நண்பர் மீண்டும் திணை வழு என்று வந்தால், ஊர்ப்புறத்தில் ‘எங்க ஆத்தா சொல்லுச்சு’ என்று பெற்ற தாயையே அஃறிணையில் வாஞ்சையோடு சொல்லும் வழக்கத்தை நினைவூட்டுங்கள். ‘அது’ என்பது எல்லா இடத்திலும் தாழ்வு அன்று.

பதில் 6: கத்ர் போர்ன் வாசகன்

ஐயா, அம்மையார், நண்பர்கள் அனைவருக்கும் நன்றி. இரண்டு நாள் இதையே செய்துகொண்டிருந்தேன். எதிரொலி போய்விட்டது. ‘தலைகீழ்’ போய்விட்டது. கோவில் மலர் என்பதால் சிறுநீரும் இல்லை. டர்பன் அம்மையார் மன்னிக்கவும். தாய் பேசும் அந்த ஒரு வரியை நீக்க மனமில்லாமல் வைத்திருந்து, நேற்று இரவு நீக்கினேன். முயல் கதையின் முயலுக்குப் பேச்சு எவ்வளவு தேவையோ, இந்த வௌவாலுக்கு அவ்வளவு தேவை இல்லை என்று பட்டது. முயலை வைத்து முதலாளியைப் பற்றிச் சொன்னார்கள். நான் இந்த வௌவாலைப் பற்றித்தான் சொல்ல நினைக்கிறேன். போர்ட் லூயிஸ் நண்பர் இதை ஏற்க மாட்டார் என்று தெரியும்.

இப்போது தொடக்கம் இப்படி இருக்கிறது:

“நான் நின்றுகொண்டிருப்பேன். காலடியில் கிளை, தலைக்கு அப்பால் நிலம். பழுத்த லிச்சியின் மணம் வரும். மணத்துக்குப் பின்னால் அம்மா வரும். அம்மாவின் கை என்னைச் சுற்றி மூடும்; உள்ளே சூடாக இருக்கும். சாறு அம்மாவுக்குள் போகும், சக்கை நிலத்துக்குப் போகும். மரத்தடியில் மனிதன் வரும். அதற்கு எண்ணெய் மணம் இருக்கும், இரும்பு மணம் இருக்கும்.”

மனிதனைச் சுட்டி ‘அதற்கு’ என்று எழுதியது திட்டமிட்டு அல்ல. கை தானாக எழுதிவிட்டது. அடித்துவிட்டு ‘அவனுக்கு’ என்று மாற்றிப் பார்த்தேன். உடனே வௌவால் மறைந்து நான் தெரிந்தேன். ஆகவே பழையபடியே விட்டுவிட்டேன்.

இன்னொரு சிக்கல் உண்டு ஐயா. நன்னூலைத் திறந்து பார்த்தால், செய்யும் என்னும் முற்று தன்மைக்கும் முன்னிலைக்கும் பலர்பாலுக்கும் செல்லாது என்று இருக்கிறது. தன்மைக்கு ‘இருப்பேன்’ என்று எழுதிச் சமாளித்துவிட்டேன். ஆனால் ‘மனிதர் வரும்’ என்று எழுத வழியில்லை. என் கதையின் முடிவில் சுடுவதற்கு நான்கு பேர் வருகிறார்கள். இப்போதைக்கு, ‘மனிதன் வரும். மனிதன் வரும். மனிதன் வரும். மனிதன் வரும்.’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.